நாற்பத்திரண்டு நாள்

ஆரோக்கியதாஸ் டாக்டர் இல்லை. நாகலூருக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். ஆனால் முப்பது வருஷமாக மலையில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. 'டாக்டரு' என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த புதிதில் ஒன்றிரண்டு வருஷம் மறுத்துப் பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாளாக ஆக, மனுஷன் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. யாரையும் லேசில் 'கீழே' அனுப்ப மாட்டார். கீழே என்றால் சேலம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக வேண்டும். மற்ற எஸ்டேட் கம்பவுண்டர்கள் காபிச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தி பட்ட காயத்துக்கெல்லாம் ஆளைக் கீழே அனுப்புவார்கள். இவரிடம் ஒரு வித்தை இருந்தது. சிவப்பும் கறுப்புமான ஆம்பிசிலின் கேப்சூலை இரண்டு விரலால் திருகிப் பிரித்து, உள்ளே இருக்கும் பொடியைக் காயத்தின் மேல் தூவுவார். விழுங்கவும் நாலு கேப்சூல் கொடுப்பார். மறுநாள் காயம் பொருக்குத் தட்டியிருக்கும். "காஞ்சிருச்சு, போ" என்பார். ஆளும் வேலைக்குப் போய்விடுவான். மேனேஜருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தொண்ணூற்றேழாம் வருஷம், சித்திரை பிறந்து மூன்றாம் நாள் காலையில் சித்தனின் ஜீப் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றபோது, என்ன சேதி என்று அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆரோக்கியதாஸ் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரு, அம்மாவுக்குக் காய்ச்சலு தீயாக் கொதிக்குது. முட்டி பெருசா வீங்கிப்போச்சுங்க. சீக்கிரம் வாங்க."

சித்தனின் அம்மா காளியாயி. செம்மநத்தத்தில் மூன்று ஏக்கர் காபியும் மிளகும் வைத்திருப்பவள். அறுபத்தொரு வயது. சித்தனுக்கு நாலு வயதில் மார்ச்சளி வந்து மூச்சுத் திணறியபோது, மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசி போட்டுப் பிழைக்க வைத்தவர் ஆரோக்கியதாஸ். அன்றிலிருந்து அவள் வீட்டில் பழுத்த முதல் ஆரஞ்சு அவருக்குத்தான் வரும். அவளுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சுக் கிடையாது.

அந்தக் காளியாயிக்கு இரண்டு வருஷமாக இடது முட்டி தேய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி ஆகிவிட்டது. காபிக்கு நல்ல விலை கிடைத்த கையோடு, சித்தன் அவளைச் சேலத்தில் சேர்த்தான். டாக்டர் கோவிந்தராஜ் என்பவர் தேய்ந்த முட்டியை எடுத்துவிட்டு இரும்பு முட்டி வைத்தார். மாசி பிறந்ததும் ஆபரேஷன். டிஸ்சார்ஜ் ஆன அன்று துணைக்குப் போனவர் ஆரோக்கியதாஸ். கோவிந்தராஜ் அப்போது சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை.

"தையல் போட்ட இடத்துல ஒரு சொட்டுக் கசிஞ்சாலும் நேரா எங்கிட்ட வந்துடுங்க. ஊர்ல யார்கிட்டயும் காட்டிட்டு இருக்காதீங்க. மூணு வாரத்துக்குள்ள வந்தா, தெறந்து கழுவி, வெச்ச முட்டியக் காப்பாத்திடலாம். அதுக்கு மேல விட்டா கிருமி இரும்புல போய் ஒட்டிக்கும். அப்புறம் முட்டியக் கழட்டறதத் தவிர வழியில்ல."

ஊரில் யாரிடமும் காட்டாதே என்று அவர் சொன்னது, பக்கத்தில் நின்ற ஆரோக்கியதாஸுக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று முளைத்த டாக்டர், முப்பது வருஷம் காயம் பார்த்தவனை வைத்துக்கொண்டே சொல்கிறாரே என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே மலை ஏறினார். எல்லாம் அந்தப் பொருமலில் ஆரம்பித்ததுதான்.

ஏனென்றால் மாசிக் கடைசியில் ஒரு நாள், காளியாயி சேலையை முட்டிவரை ஒதுக்கி, தழும்பின் கீழ் ஓரத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்றைக் காட்டினாள். அதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. கீழே போக அவளுக்கும் மனசில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் பவானிக்காரி ஒருத்தி கிடந்தாள். சீழ் வைத்து முட்டியைக் கழற்றிவிட்டார்கள். கால் கட்டையாய் நீண்டு கிடக்க, ராத்திரி பகல் அழுதுகொண்டே இருந்தாளாம். "அந்தக் கதி எனக்கு வேண்டாமுங்க டாக்டரு. மே மாசம் சேர்வராயன் கோயலுக்கு நானே நடந்து போகோணும். நீங்களே பாத்து ஆத்திப்போடுங்க" என்றாள்.

ஆரோக்கியதாஸ் கேப்சூலைத் திருகிப் பொடியைத் தூவினார். பொருக்குத் தட்டியது. நாலு நாளில் பொருக்கு உதிர்ந்து மறுபடி கசிந்தது. மறுபடி தூவினார். விழுங்கக் கொடுத்தார். "காஞ்சிருச்சு அக்கா" என்றார். இப்படி எத்தனை முறை 'காஞ்சிருச்சு' என்று சொன்னாரோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

இப்போது செம்மநத்தத்தில் கட்டிலருகே குனிந்து பிளாஸ்திரியை எடுத்தார். முட்டி சிவந்து பளபளத்தது. தொட்டால் கை சுட்டது. பொருக்கு மட்டும் ஒழுங்காக, அழகாக இருந்தது. பக்கத்தில் லேசாக அழுத்தினார். பொருக்கின் ஓரம் பிளந்து மஞ்சளாகச் சீழ் பீறிட்டது. காளியாயி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மேலே காய வைத்து மூடி, உள்ளே சீழை வளர்த்திருக்கிறோம் என்று அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்தது. அவர் மடையர் இல்லை. புரிய மறுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"சித்தா, வண்டிய எடு. கீழ போலாம்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுச் சித்தன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டான்.

ஜீப்பின் பின் சீட்டில் காளியாயி சாய்ந்து உட்கார்ந்து, காலை அவர் மடியில் நீட்டியிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்பும்போது அந்தக் கால் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் இறங்கியது. அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். வளைவை இல்லை, நாளை. மாசி இருபத்திரண்டாம் தேதியிலிருந்து பங்குனி முழுக்க. எப்படித் திருப்பித் திருப்பி எண்ணினாலும் நாற்பத்திரண்டுதான் வந்தது. டாக்டர் சொன்ன மூன்று வாரத்துக்கு இருபத்தொரு நாள். சரியாக இரண்டு பங்கு.

எட்டாம் வளைவில் லாரி ஒன்று எதிரே வந்ததால் சித்தன் ஓரம்கட்டி நிறுத்தி, இறங்கிப் போய் லாரிக்காரனுக்குக் கை காட்டினான். அந்த இடைவெளியில் காளியாயி அவர் கையைப் பிடித்தாள்.

"டாக்டரு, எத்தன நாளாச்சுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. பத்து நாளுன்னு சொல்லிப்போடலாமுங்க."

"அக்கா..."

"பத்து நாளுன்னா கழுவி உட்ருவாங்க. அவருதானே சொன்னாரு. கழட்டப்படாதுங்க டாக்டரு. நான் கட்டையாக் கெடந்தேன்னா காட்டுக்குப் போறது ஆரு? உங்களுக்கும் கெட்ட பேரு வேண்டாம். இந்தப் பொடி சங்கதி நம்ம ரண்டு பேத்தோட இருக்கட்டும்."

உங்களுக்கும் கெட்ட பேரு வேண்டாம். காய்ச்சலில் கண் சொருகும் நேரத்திலும் அவள் அதை யோசித்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆரோக்கியதாஸ் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சித்தன் வந்து வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் கோவிந்தராஜ் முட்டியைப் பார்த்ததும் முகம் இறுகினார். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எத்தனை நாளாச்சு?"

"பத்து நாளுங்க" என்றாள் காளியாயி.

"இடைல ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? ஆன்டிபயாட்டிக் ஏதாவது? அது எனக்குத் தெரியணும். மருந்து உள்ள போயிருந்தா கிருமி லேப்ல பிடிபடாது." கேட்டுக்கொண்டே ஆரோக்கியதாஸைப் பார்த்தார். "நீங்கதானே அந்த எஸ்டேட் கம்பவுண்டர்? ஏதாவது குடுத்தீங்களா?"

"காய்ச்சலுக்கு மாத்திரை மட்டுங்க" என்றார் ஆரோக்கியதாஸ். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் முட்டிக்குள் ஊசி விட்டு இழுத்தார். சிரிஞ்சில் கலங்கலாகச் சீழ் ஏறியது. அதை லேபுக்கு அனுப்பினார். "பத்து நாள்தானே? நேரத்தோட வந்தீங்க. மூணு மணிக்குத் தியேட்டர். தெறந்து நல்லாக் கழுவி, நடுவுல இருக்கற பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாத்திட்டு மூடிடறேன். முட்டிய எடுக்க வேண்டியதில்ல."

சித்தன் கையெடுத்துக் கும்பிட்டான். காளியாயி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு சேர்வராயனைக் கூப்பிட்டு முணுமுணுத்தது. மணி அப்போது பன்னிரண்டரை.

இரண்டரை மணி நேரம். ஆரோக்கியதாஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். சித்தன் வாங்கி வந்த டீ ஆறி ஆடை கட்டியது. கழுவினால் சரியாகிவிடலாம் அல்லவா? ஆகலாம். ஆயிரத்தில் ஒருத்திக்கு ஆகலாம். ஆனால் நாற்பத்திரண்டு நாள் இரும்பில் ஒட்டி உட்கார்ந்த கிருமி தண்ணீருக்கா போகும்? மேலே தைத்து மூடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே மறுபடி ஊறும். அதாவது, தான் டிஸ்பென்சரியில் செய்ததையே பெரிய டாக்டரும் பெரிய தியேட்டரில் வைத்துச் செய்யப்போகிறார். தெரியாமல் செய்யப்போகிறார். தெரிந்தவன் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். சித்தன் சும்மா விட மாட்டான். விஷயம் நாளைக்கே மலை ஏறிவிடும். எஸ்டேட்டில் சீட்டுக் கிழியும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முட்டியைக் கழற்றாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவளின் முட்டியை, வாயைத் திறந்து இவரே கழற்ற வைக்க வேண்டும். அதற்குத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

இரண்டு மணிக்கு நர்ஸ் அமுதா டிரேயோடு வந்தாள். தியேட்டருக்குப் போகுமுன் காலைச் சுத்தம் செய்ய வேண்டும். கதவு திறந்தே இருந்தது. அவள் பஞ்சை மருந்தில் நனைத்துப் பொருக்கைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பொருக்கு இளகி, வெள்ளையாகக் களிம்பு போல வந்தது.

"என்னம்மா இது? பொடி மாதிரி வருது? என்ன போட்டீங்க?"

ஆரோக்கியதாஸ் வாசலில் உறைந்து நின்றார். காளியாயி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நர்ஸிடம், "துன்னூறு சாமி. எங்கூரு மாரியாயி கோயல் துன்னூறு" என்றாள்.

"திருநீறையெல்லாம் காயத்துல போடுவாங்களா? படிக்காத ஜனங்களே இப்படித்தான்" என்று அமுதா சலித்துக்கொண்டாள். அறுபத்தொரு வயதுக்காரி திட்டு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். பிறந்ததிலிருந்து கும்பிட்ட மாரியாயியின் பேரைச் சொல்லி ஒரு பொய். அதுவும் இவருக்காக.

ஆரோக்கியதாஸால் அதற்கு மேல் முடியவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்தாறு வயதில் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நேராக டாக்டர் அறைக்குப் போனார். செருப்பைக் கழற்றவும் மறந்துவிட்டார்.

"ஐயா, பத்து நாள் இல்லைங்க."

கோவிந்தராஜ் நிமிர்ந்தார்.

"நாப்பத்திரண்டு நாளுங்க. பொய் சொல்லிட்டோம். ஆம்பிசிலின் கேப்சூல் ஒரு நாளைக்கு நாலு வீதம் கொடுத்தேன். பொடியையும் பிரிச்சு மேல தூவினேன். அது துன்னூறு இல்லைங்க, நான் போட்டது."

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "நாப்பத்திரண்டுன்னு சரியாத் தெரியுமா? குத்துமதிப்பாச் சொல்றீங்களா?"

"சரியாத் தெரியுங்க. ஒவ்வொரு நாளும் எண்ணிட்டுத்தாங்க இருந்தேன்."

"எண்ணிட்டு இருந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் கோவிந்தராஜ். கத்தியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். "எழுந்திருங்க. இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. கால் அவங்களுது. முடிவு பண்ண வேண்டியது அவங்க."

ஆரோக்கியதாஸ் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார். அதைச் சொல்லத் தோன்றாமல் பின்னாலேயே நடந்தார்.

கட்டிலருகே டாக்டர் எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் சித்தன் பாய்ந்து ஆரோக்கியதாஸின் சட்டையைப் பிடித்துவிட்டான். இரண்டு பொத்தான் தெறித்தது.

"எங்கம்மா கால்ல வித்த காட்டுனியா நீ? ஒன்னர மாசமா? காஞ்சிருச்சு காஞ்சிருச்சுன்னு சொல்லிச் சொல்லி..."

"உடு சித்தா" என்றாள் காளியாயி. "அவரு மட்டும் பண்ணுல. நானுந்தே. உடுன்னு சொல்றேனல்ல."

அவன் விட்டான். அவள் ஆரோக்கியதாஸைப் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, கழுவுனாப் பத்தாதுங்களா?"

"பத்தாதும்மா. நாலு மாசத்துல திரும்ப வரும். அப்ப ரத்தத்துல கலந்திருச்சுன்னா காலையே எடுக்கணும். இல்லன்னா உசுருக்கே ஆபத்து."

"கழட்டுனா?"

"கழட்டிட்டு, மருந்து கலந்த சிமெண்டுக் கட்டி ஒண்ண முட்டிக்குள்ள வெப்பேன். ஆறு வாரம் ட்ரிப்புல மருந்து ஏத்தணும். அப்புறம் எல்லா மருந்தையும் நிறுத்திட்டு, ரண்டு வாரம் காத்திருந்து பார்ப்பேன். கிருமி செத்திருந்தா திரும்பப் புது முட்டி வெக்கலாம்."

"சாவுலீன்னா?"

"எலும்போட எலும்ப ஒட்ட வெக்கணும். நடக்கலாம். ஆனா கால் மடங்காது."

காளியாயி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தாள் வந்தது. மை வந்தது. கட்டை விரலை அழுத்தி வைத்தாள். அப்புறம்தான் ஆரோக்கியதாஸ் பக்கம் திரும்பினாள்.

"கம்பவுண்டரே, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே புளியமரத்தடியில், பொத்தான் போன சட்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்றார். மூன்று மணிக்கு உள்ளே கொண்டுபோனவளை ஆறரைக்குத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இரும்பு கையோடு வந்துவிட்டதாம். எலும்புக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்த சிமெண்டுக்கு அடியில் சீழ் ஊறி, பிடி ஏற்கெனவே விட்டுப்போயிருந்ததாம். கழுவி மூடியிருந்தால் ஒன்றுக்கும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதை, அமுதாதான் வெளியே வந்து அவரிடம் சொன்னாள். திருநீறு என்று நம்பித் திட்டியதற்கு அவளுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து எடுத்த சதை லேபில் ஏழு நாள் இருந்தும் எதுவும் முளைக்கவில்லை. கிருமி இல்லாமல் இல்லை. கேப்சூல் அதன் முகத்தை மறைத்துவிட்டது. கோவிந்தராஜ் ஆரோக்கியதாஸைக் கூப்பிட்டு அனுப்பி, எந்த மருந்து, எத்தனை, எந்தெந்த நாளில் கொடுத்தார், எப்போது நிறுத்தினார் என்று துருவித் துருவிக் கேட்டார். ஆறு வாரம் அதைத் தின்றும் சாகாத கிருமி என்றால், அந்த ரக மருந்தே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பலமான வேறு மருந்தை ஏற்றச் சொன்னார். உண்மையைச் சொன்னதில் அந்த மட்டும் பிரயோஜனம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பஸ் பிடித்துக் கீழே போனார். முன்பெல்லாம் யாரையும் கீழே அனுப்பாத மனுஷன், வாராவாரம் தானே இருபது வளைவும் இறங்கினார். காளியாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கொண்டுபோன பழத்தை அமுதாவிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவார். மே மாசத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வந்து போயிற்று. அன்றைக்கும் அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே மலையில் கதை பரவிவிட்டது. மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார். ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ, வேலையை விட்டு எடுக்கவில்லை. சின்னன் என்ற கவாத்துக்காரன் கையை வெட்டிக்கொண்டு வந்து, "பொடி தூவுங்க டாக்டரு" என்றான். ஆரோக்கியதாஸ் கழுவிக் கட்டி, கீழே அனுப்பினார். "இதுக்குப் போயா?" என்று அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பஸ் ஏறினான். ஒரே மாதத்தில் ஆறு பேரைக் கீழே அனுப்பினார்.

ஆறு வாரம் முடிந்தது. மருந்து எல்லாவற்றையும் நிறுத்தி, காளியாயியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி இரண்டு வாரம் எந்த மருந்தும் இல்லை. உள்ளே கிருமி மிச்சம் இருந்தால் அது இப்போதுதான் தலை காட்டும். சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும். இதை ஊர் வாய் வழியாகத்தான் ஆரோக்கியதாஸ் கேள்விப்பட்டார். ஒவ்வொரு நாளும் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டவும் செய்தார்.

ஒன்பதாம் நாள் காலை ஜீப் சத்தம் கேட்டது.

சித்தன் இறங்கி வந்து டிஸ்பென்சரி வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசவும் இல்லை.

"முட்டி சுடுதுங்க."

ஆரோக்கியதாஸ் எழுந்தார். அலமாரியில் கேப்சூல் டப்பா இருந்தது. அவர் கண் தன்னையறியாமல் அங்கே போனதைச் சித்தனும் பார்த்தான்.

"நான் இனி அத..." என்று ஆரம்பித்தார்.

"மருந்துக்கு வல்லீங்க" என்றான் சித்தன். "கீழ போறோம். உங்களையும் கூட்டியாரச் சொன்னாங்க அம்மா."

"என்னையா? எதுக்கு?"

"எனக்கென்னங்க தெரியும்? கூட்டியாடான்னாங்க, வந்தேன்."

அதே பின் சீட்டு. அதே கால், இப்போது மடங்காமல் விறைத்து, அவர் மடியில். ஆரோக்கியதாஸ் காளியாயியின் முட்டி மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடுதான். அன்றைய சூடு இல்லை, ஆனால் சூடு. "எப்பத்திலிருந்து அக்கா?" என்று கேட்டார். "இன்னிக்கு வெடிய" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான். இருபது வளைவும் அதோடு முடிந்தது.

கோவிந்தராஜ் முட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சு?"

காளியாயி வாசல் ஓரத்தில் நின்றவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எங்க கம்பவுண்டரக் கேளுங்க. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அவரு எண்ணி வெச்சிருப்பாரு."

ஆரோக்கியதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. "இன்னிக்கு விடியக்காலைலிருந்துங்க. மருந்து நிறுத்தி ஒம்பது நாள். இடைல எதுவும் கொடுக்கலைங்க" என்றார்.

டாக்டர் ஊசியை எடுத்தார். ஊசி இறங்கியது. காளியாயி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சித்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிஞ்சின் தண்டு மெல்லப் பின்னால் வர, உள்ளே ஏறியது சீழ் இல்லை. லேசாகச் சிவந்த, தெளிந்த நீர்.

"நடந்தீங்களா?" என்றார் கோவிந்தராஜ்.

"நேத்து... அடுப்படி வரைக்கும் நாலெட்டு வெச்சனுங்க. கம்ப ஊனாம."

"அதுதான் சூடு. அப்படித்தான் நினைக்கறேன்." அவர் சிரிஞ்சை அமுதாவிடம் கொடுத்தார். "லேபுக்கு."

அந்த நீரில் எதுவும் முளைக்கவில்லை என்பதும், ஆனி முடியுமுன் காளியாயிக்குப் புது முட்டி வைத்தார்கள் என்பதும் பின்னால் நடந்தவை. அந்த நிமிஷத்தில் அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. காளியாயி டாக்டரைக் கேட்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆரோக்கியதாஸின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. காஞ்சிருச்சுங்களா?"

அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருஷத்துப் பழக்கம். அமுதாவின் கையிலிருந்த சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலைங்க அக்கா" என்றார். "லேப்ல சொல்லட்டும். நாலு நாள் பொறுத்துப் பாக்கலாம்."

காளியாயி தலையசைத்தாள். விறைத்த காலைக் கையால் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்து, அவர் உட்காரக் கட்டிலில் இடம் விட்டாள்.